விறகின் விலையும் வண்டிச் சத்தமும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



முதல் குறைவாகவும் உழைப்பு மிகுதியாகவும் கொண்டு கிராமங்களில் நடைபெறும் தொழில்களுள் விறகு வியாபாரமும் ஒன்று. வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது உண்மையே. ஆயினும் தேநீர்க் கடைகள், சாப்பாட்டு ஹோட்டல்கள், கலியாணச் சமையற்காரர்கள், ரொட்டிக் கிடங்குகள், செங்கற் சூளைகள் ஆகியவற்றில் விறகின் தேவை தீர்ந்துவிடவில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் சீமைக் கருவேலமும், கடற்கரையோரத்து மணற்பாங்கான ஊர்களில் சவுக்கும் அத்தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றி வருகின்றன.

1904-ஆம் ஆண்டில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இயற்றப்பட்ட காலமுதல், கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு ஒரு கேள்வி ஓயாமல் இருந்து வருகிறது. சோம்பேறி கடனைத் திருப்பிக் கொடாதது வியப்பன்று. விடியுமுன் எழுந்து, இருட்டிய பின் வீடு திரும்பி, கொண்டு வந்த சரக்கு முழுவதையும் விற்றுவிட்ட உழைப்பாளியும் தவணை தவறுவானேன்? சரக்கு தேங்கவில்லை, சூதாட்டம் இல்லை, குடி இல்லை. அப்படியிருந்தும் வருஷ முடிவில் முதல் கரைந்து, கடன் நின்று, ஜாமீன் கையெழுத்திட்ட அயல்வீட்டார் இருவரும் பதில் சொல்ல வேண்டியவர்களாகிறார்கள். விறகு வியாபாரத்தில் இந்த விபரீதம் நேரக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. விறகை வாடியில் விற்கும் விலை வேறு, வாங்குவோர் வாசலில் இறக்கும் விலை வேறு என்பதை வியாபாரி பிரித்துப் பாராமையே அது.

இதை விளக்குவதற்கு, சங்கத்தில் ரூ. 1,00,000 கடன் பெற்று, தாலூகா ஊரொன்றின் ஓரத்தில் விறகு வாடி வைத்து, சிறு சரக்கு மோட்டார் ஒன்றும் வைத்திருக்கும் ஓர் அங்கத்தினரை மனத்திற் கொள்வது போதும். பின்வரும் தொகைகள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊரின் கூலிக்கும் விலைக்கும் தக்கபடி அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பச்சை விறகும் உலர்ந்த விறகும்

வியாபாரி சீமைக் கருவேல விறகை வெட்டிய பச்சையில், வாடி வந்து சேர 1,000 கிலோவுக்கு ரூ. 3,000 கொடுத்து வாங்குகிறார் எனக் கொள்க. தறிக்கவும் பிளக்கவும் கூலி ரூ. 480. வாடி வாடகை, விளக்கு, சரக்கு கிடக்கும் காலத்து வட்டி ஆகியவற்றின் பங்கு ரூ. 120. ஆக ரூ. 3,600. இதை 1,000-ஆல் வகுத்து, கிலோவுக்கு அடக்க விலை ரூ. 3.60 என்று அவர் மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

இங்கேதான் முதற் பிழை. வாங்கியது 1,000 கிலோ. விற்கப்போவது 1,000 கிலோ அன்று. பச்சை மரத்தில் நூற்றுக்கு 40 பங்கு ஈரம் இருக்குமாயின், அந்த 1,000 கிலோவில் மரம் 600 கிலோ. தண்ணீர் 400 கிலோ. காற்றோட்டமாய் அடுக்கி உலர்த்தி, ஈரம் நூற்றுக்கு 20 பங்காகக் குறைந்தபின் அதே விறகு 750 கிலோவே நிற்கும். பட்டை, செதிள், தூள், கறையான் அரித்தது என இன்னும் 30 கிலோ கழிந்தால், விற்பனைக்கு நிற்பது 720 கிலோ. ரூ. 3,600-ஐ 720-ஆல் வகுத்தால், அடக்க விலை கிலோவுக்கு ரூ. 5 ஆகிறது. வண்டி இன்னும் வாடியைவிட்டுப் புறப்படவில்லை. அதற்குள்ளாகவே கிலோவுக்கு ரூ. 1.40 கணக்கிலிருந்து நழுவிவிட்டது.

அப்படியானால் பச்சையாகவே விற்றுவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது வாங்குவோருக்கு நஷ்டம். நாளடைவில் விற்போருக்கும் நஷ்டம். நன்றாக உலர்ந்த விறகு கிலோ ஒன்று ஏறக்குறைய 3,500 கிலோ கலோரி உஷ்ணம் தரும். மேற்சொன்ன பச்சை விறகு ஏறக்குறைய 2,500-க்கு மேல் தராது. அதிலுள்ள மரமும் குறைவு. எரியும் உஷ்ணத்தில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலும் செலவாகிறது. பச்சை விறகு ரூ. 5-க்கும் உலர்ந்தது ரூ. 6-க்கும் கிடைத்தால், 1,000 கிலோ கலோரிக்குப் பச்சை விறகுக்காரர் ரூ. 2 கொடுக்கிறார், உலர்ந்ததை வாங்குபவர் ஏறக்குறைய ரூ. 1.71 கொடுக்கிறார். புகையும் கண்ணெரிச்சலும் இதற்கு மேற்பட்டவை. இதை வாடிக்கைக்காரருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த வியாபாரி விலைக்காக மன்றாட வேண்டியதில்லை.

மேலும் 500 கிலோ பச்சை விறகை வண்டியில் ஏற்றினால் அதில் 200 கிலோ தண்ணீர். தண்ணீருக்கும் வண்டிச் சத்தம் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவது எவருக்கும் பிரயோஜனமற்ற காரியம்.

சொந்த வண்டிக்கும் சத்தம் உண்டு

வாடகை வண்டி பிடிப்பவர் ஒவ்வொரு நடைக்கும் பணத்தை எண்ணிக் கொடுப்பதால் செலவு அவர் கண்ணுக்குத் தெரிகிறது. சொந்த வண்டி உள்ளவருக்கோ, டீசல் போடும்போது மட்டுமே கை பைக்குள் போகிறது. ஆகவே டீசல் ஒன்றே செலவு என அவர் நம்பிவிடுகிறார். முற்காலத்தில் சொந்தக் காளைகள் பூட்டிய வண்டிக்குச் சத்தம் இல்லை என்று எண்ணியவர்களும் இவ்வாறே ஏமாந்தனர். காளைகள் தின்ற வைக்கோலும் பருத்திக்கொட்டையும், தேய்ந்த லாடமும், காளைகள் கிழடாவதும் அவர்கள் கணக்கில் ஏறவில்லை.

மோட்டார் வண்டியின் செலவு மூன்று வகைப்படும்.

முதலாவது, ஓடும் தூரத்தைப் பொறுத்தது. டீசலுக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 5, டயர், எண்ணெய், ரிப்பேர் வகைக்கு ரூ. 3. வண்டி ரூ. 5,00,000-க்கு வாங்கப்பட்டு, 6 வருஷம் கழித்து ரூ. 1,40,000-க்கு விலைபோனால், தேய்ந்தது ரூ. 3,60,000. அதற்குள் 90,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் தேய்மானம் கிலோமீட்டருக்கு ரூ. 4. ஆகக் கிலோமீட்டருக்கு ரூ. 12. இது போகும் வழிக்கும் உண்டு. வெறும் வண்டியாய்த் திரும்பும் வழிக்கும் உண்டு.

இரண்டாவது, நடையைப் பொறுத்தது. இன்ஷூரன்ஸ், வரி, தகுதிச் சான்று, வண்டிக் கடன் வட்டி ஆகியவை மாதத்துக்கு ரூ. 4,500 ஆகி, மாதம் 75 நடை நடந்தால், நடைக்கு ரூ. 60. வண்டி ஓட்டி, இடம் தேடி, காத்திருந்து, பணம் வாங்கித் திரும்பும் நேரத்துக்குக் கூலி நடைக்கு ரூ. 90. வியாபாரியே ஓட்டினாலும் இக்கூலியை எழுதத்தான் வேண்டும். அந்நேரத்தில் அவர் வேறிடத்தில் வேலை செய்திருந்தால் சம்பாதித்திருப்பார். ஆக நடைக்கு ரூ. 150. வண்டியில் 100 கிலோ இருந்தாலும் 500 கிலோ இருந்தாலும் இத்தொகை மாறுவதில்லை.

மூன்றாவது, நிறையைப் பொறுத்தது. அதாவது ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும். இது கிலோவுக்கு 20 பைசா.

நான்கு வாடிக்கைக்காரர்

இனி இவ்வியாபாரி எல்லோருக்கும் வாசலில் இறக்கிக் கிலோ ரூ. 5.50 என்று ஒரே விலை சொல்லி வருகிறார் எனக் கொள்க. ரூ. 3.60 அடக்கம் என நினைத்திருப்பதால், ரூ. 1.90 மிச்சம் இருக்கிறது, அதில் வண்டிச் செலவு அடங்கிவிடும் என்பது அவர் துணிவு. நான்கு வாடிக்கைக்காரரை எடுத்துப் பார்க்கலாம்.

3 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு ஹோட்டல். 500 கிலோ வாங்குகிறது. நடைக்கு ரூ. 150, கூலி ரூ. 100, போய்வர 6 கிலோமீட்டருக்கு ரூ. 72, மொத்தம் ரூ. 322. கிலோவுக்குச் சுமார் 64 பைசா.

15 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கலியாண மண்டபம். அதுவும் 500 கிலோ. ரூ. 150, ரூ. 100, 30 கிலோமீட்டருக்கு ரூ. 360, மொத்தம் ரூ. 610. கிலோவுக்கு ரூ. 1.22.

2 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு தேநீர்க் கடை; 100 கிலோ. ரூ. 150, ரூ. 20, ரூ. 48, மொத்தம் ரூ. 218. கிலோவுக்கு ரூ. 2.18. மண்டபத்தைவிடக் கடை மிகவும் அருகில் இருக்கிறது. எனினும் அதற்கு ஆகும் சத்தம் கிலோவுக்கு அதிகம். அருகில் என்பதால் மலிவு என்று கொள்ளலாகாது என்பதற்கு இதுவே சான்று.

15 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வீடு; விசேஷத்துக்காக 100 கிலோ. ரூ. 150, ரூ. 20, ரூ. 360, மொத்தம் ரூ. 530. கிலோவுக்கு ரூ. 5.30. அடக்க விலையே ரூ. 5. கொண்டுபோன விறகைவிடக் கொண்டுபோன கூலி பெரிதாகிவிட்டது.

உண்மை அடக்கம் ரூ. 5 ஆதலால், ரூ. 5.50-இல் வண்டிக்கென்று நிற்பது 50 பைசாவே. ஹோட்டலுக்கு அனுப்பும் நடையில் ரூ. 72 நஷ்டம், மண்டபத்துக்கு ரூ. 360, தேநீர்க் கடைக்கு ரூ. 168, வீட்டுக்கு ரூ. 480. நால்வரும் கைமேல் ரொக்கம் கொடுத்தவர்கள், நால்வரிடத்திலும் நஷ்டமே.

ஒரு மாதத்தின் முடிவு

இவ்வியாபாரி மாதம் 20,000 கிலோ விற்று, 75 நடையில் 1,250 கிலோமீட்டர் ஓடினால் கணக்கு பின்வருமாறு ஆகும். விற்பனை வரவு ரூ. 1,10,000. விறகின் அடக்கம் ரூ. 1,00,000. மிச்சம் ரூ. 10,000. வண்டிச் செலவில் நடை வகை ரூ. 11,250, ஏற்றிறக்குக் கூலி ரூ. 4,000, தூர வகை ரூ. 15,000, ஆக ரூ. 30,250. நஷ்டம் ரூ. 20,250.

இவ்வளவு நஷ்டம் அவருக்கு ஏன் அன்றே தெரிவதில்லை? இதில் ரூ. 5,000 வண்டியின் தேய்மானம். அது வண்டியை விற்கும் நாளில்தான் தெரியும். ரூ. 6,750 அவருடைய சொந்தக் கூலி. அதை அவர் கேட்டுப் பெறுவதே இல்லை. இவ்விரண்டையும் கழித்தாலும் மாதம் ரூ. 8,500 கையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சரிக்கட்ட, அடுத்த மாதத்துக்கு அவர் கொஞ்சம் குறைவாகப் பச்சை விறகு வாங்குகிறார். வாடியில் அடுக்கு மெல்ல மெல்லத் தாழ்கிறது. பன்னிரண்டு மாதத்தில் போனது ரூ. 1,02,000. சங்கத்தில் வாங்கிய முதல் இவ்வாறாக முழுவதும் எரிந்துபோகிறது. அவர் அதை ஒருபோதும் வீண்செலவு செய்யவில்லை. வாடிக்கைக்காரரின் வாசல்வரை வண்டியிலேற்றி இனாமாகக் கொடுத்துவிட்டார்; அவ்வளவுதான்.

ஒரே விலையால் விளையும் தீங்கு

இதைக் கேட்டவுடன், சராசரிச் சத்தம் கிலோவுக்கு ஏறக்குறைய ரூ. 1.51 ஆகிறதே, அதையும் இலாபம் ரூ. 1-ஐயும் சேர்த்து எல்லோருக்கும் ரூ. 7.50 என்று வைத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். காகிதத்தில் அது சரியாக வரும், தெருவில் வராது.

ஹோட்டலுக்கு அனுப்ப உண்மையில் ஆவது ரூ. 5.64. அதனிடம் ரூ. 7.50 கேட்டால், வேறொரு வாடிக்காரர் ரூ. 6.75-க்கு இறக்கித் தர முன்வருவார். ஹோட்டல் அவரிடம் போய்விடும். 15 கிலோமீட்டருக்கு அப்பால் 100 கிலோ வாங்கும் வீட்டாருக்கு ஆவது ரூ. 10.30. அவருக்கு ரூ. 7.50 மிகவும் அனுகூலம். அவர் ஒருபோதும் பிரியமாட்டார். தம் உறவினருக்கும் சிபாரிசு செய்வார். ஆகவே ஒரே விலை சொல்லுபவரிடமிருந்து இலாபம் தரும் வாடிக்கை விலகும். நஷ்டம் தரும் வாடிக்கை பெருகும். விற்பனை கூடக்கூட நஷ்டமும் கூடும். அருகிலும் மொத்தமாகவும் வாங்குவோர், தூரத்திலும் சில்லறையாகவும் வாங்குவோரின் சத்தத்தைச் சுமப்பது நியாயமுமன்று.

ஆகையால் விலை இரண்டாகப் பிரிய வேண்டும். வாடி விலை கிலோ ரூ. 6 என்பது எல்லோருக்கும் ஒன்றே. அதன்மேல் வண்டிச் சத்தம் தூரத்தின்படி நடை ஒன்றுக்கு: 3 கிலோமீட்டர் வரை ரூ. 225, 8 கிலோமீட்டர் வரை ரூ. 345, 15 கிலோமீட்டர் வரை ரூ. 510. ஏற்றிறக்குக் கூலி கிலோவுக்கு 20 பைசா வேறு. இதை ஒரு பலகையில் எழுதி வாடி வாசலில் தொங்கவிட்டால் பேரம் பாதி குறையும். வண்டி வைத்திருப்பவர் தாமே வந்து ஏற்றிச் செல்லட்டும். அவருக்கு வாடி விலை. 100 கிலோ மட்டும் வாங்க எண்ணிய தூரத்து வீட்டார் அயலாரையும் சேர்த்துக்கொண்டு 500 கிலோ சொல்லுவார். இல்லாவிடில் அருகிலுள்ள வேறு கடைக்குப் போவார். இரண்டும் வியாபாரிக்கு நன்மையே.

"சத்தம் தனியாகக் கேட்டால் வாடிக்கை போய்விடும்" என்னும் அச்சம் எங்கும் உண்டு. போகும் வாடிக்கை எது என்று பார்க்க வேண்டும். நடைக்கு ரூ. 480 நஷ்டம் கொடுக்கும் வாடிக்கை போனால், அன்று வியாபாரிக்கு ரூ. 480 சம்பாத்தியம்.

சத்தத்தைக் குறைக்கும் வழிகள்

சத்தத்தை வாங்குவது ஒன்று, குறைப்பது மற்றொன்று. இரண்டாவதே சிறந்தது.

ஒரே சாலையில் நான்கு தேநீர்க் கடைகள், கடைக்கு 100 கிலோ வீதம், தனித்தனி நாளில் வாங்கினால் சத்தம் ரூ. 872. நான்கையும் ஒரே நடையில் முடித்தால், நடைக்கு ரூ. 150, கூலி ரூ. 80, மொத்தம் 8 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ரூ. 96, கூடுதலாக மூன்று இடங்களில் நிற்கும் நேரத்துக்கு ரூ. 60, ஆக ரூ. 386. மிச்சம் ரூ. 486. இதிலும் ஒரு ஜாக்கிரதை தேவை. இந்த மிச்சத்தில் ரூ. 180 இன்ஷூரன்ஸ், வரி, வட்டி முதலியவற்றின் பங்கு. நடை குறைந்தாலும் அது மாதக் கடைசியில் கொடுத்தே தீர வேண்டிய பணம். எஞ்சிய ரூ. 306 மட்டுமே உடனடி ஆதாயம். அந்த ரூ. 180-ஐயும் மீட்க வேண்டுமானால், ஓய்ந்த நேரத்தில் வண்டிக்கு வேறு சுமை தேடிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு எளிய ஏற்பாடு, சாலைக்கு ஒரு நாள் என்று குறித்துவிடுவது. திங்கட்கிழமை வடக்குச் சாலை, வியாழக்கிழமை தெற்குச் சாலை என்று முறை வைத்தால், கடைக்காரர் தம் தேவையை முன்னரே சொல்லப் பழகிவிடுவார். முறை நாளில் வாங்குபவருக்குச் சத்தத்தில் பங்கு மட்டும். அவசரமாக இன்றே வேண்டும் என்பவருக்கு முழு நடைச் சத்தம்.

அடுத்து, திரும்பும் வண்டி. மண்டபத்துக்குப் போன வண்டி வெறுமையாய்த் திரும்பும்போது ரூ. 180 வீணாகிறது. அத்திசையில் வெட்டி வைத்த பச்சை விறகு இருந்தால் அதை ஏற்றிக்கொண்டு வரலாம். கொள்முதல் விறகுக்கென்று தனி வண்டி போகவேண்டியதில்லை. ஆனால் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட பாரத்துக்கு மேல் ஏற்றி மிச்சம் பிடிக்க எண்ணுவது விவேகமன்று. அந்த மிச்சம் டயரிலும் பட்டையிலும் அபராதத்திலும் போய்விடும்.

மூன்றாவது, காலமறிந்து சேர்த்தல். சித்திரை, வைகாசி வெயிலில் வாங்கி அடுக்கியது ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையின் கீழ் இருந்தால், அப்போது உலர்ந்த விறகுக்குக் கேட்கும் விலை கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. தையிலும் ஆவணியிலும் மண்டபங்கள் ஓயா. அடுப்பு எரியும் மாதம் அறிந்து சரக்கு வைப்பவருக்கு வட்டி வீணாவதில்லை.

தூரம் மிகவும் அதிகமானால் விறகைக் கரியாக்குவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். மண்மூடிச் சுடும் பழைய முறையில் ஒரு கிலோ கரிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ விறகு பிடிக்கிறது. உஷ்ணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது. ஆயினும் கரி ஒரு கிலோ ஏறக்குறைய 7,000 கிலோ கலோரி, அதாவது உலர்ந்த விறகைப்போல் இருமடங்கு, தருகிறது. ஆகவே ஒரே உஷ்ணத்துக்குப் பாதிப் பாரம் ஏற்றினால் போதும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக் கருவேலம் கரியாகி வெளியூர்களுக்குப் போவதன் மர்மம் வண்டிச் சத்தமே. விறகாகவே விற்பவருக்கு ஒரு சுற்றெல்லை உண்டு. அதைத் தாண்டிய இடம் அவருடைய சந்தையன்று.

நிறையும் கடனும்

விறகைக் கட்டு என்றும் வண்டி என்றும் குத்துமதிப்பாக விற்பது சண்டைக்கு இடம். கட்டுக்குக் கட்டு பருமன் வேறு. அமெரிக்காவில் விறகைக் கார்டு என்னும் அளவால் விற்பர். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளமாக நெருக்கி அடுக்கிய 128 கன அடியே அந்த அளவு. இடத்தை அளப்பதால், அங்கே ஈரத்தின் நிறைக்கு விலை கொடுக்கும் தொல்லை குறைவு. தமிழ்நாட்டில் நிறுத்தே விற்பது வழக்கம். மணங்கு, வீசை என்ற பழைய நிறைகள் 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட மெட்ரிக் நிறைகளுக்கு இடங்கொடுத்து நீங்கின. நிறுத்து விற்கும் வரையில் ஈரம் எவ்வளவு என்பதும் விலையின் ஒரு பகுதியே. ஆதலால் "உலர்ந்தது", "பச்சை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை பெற்றிருத்தல் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி கட்டாயம். மரம் வெட்டவும் கொண்டுசெல்லவும் உள்ள விதிகளை முன்னதாகவே வன இலாகாவில் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

கடனுக்கு விற்பதிலும் விலை உண்டு. மாதம் நூற்றுக்கு 1 வட்டி என்றால், ரூ. 6 விறகை ஒரு மாதம் பொறுத்துப் பணம் வாங்குபவர் கிலோவுக்கு 6 பைசா இழக்கிறார். வராமலே போகும் பாக்கி இதனினும் பெரிது. பணம் கேட்க நடக்கும் நடையும் ஒரு நடையே. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து ஏழை நெசவாளர் முதலானோர் 28 பேர் 1844-ஆம் ஆண்டில் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தபோது, ரொக்கத்துக்கே விற்பது, நிறையில் குறைக்காதிருப்பது என்னும் இரண்டையும் உறுதியாகக் கைக்கொண்டனர். சிறு முதலைக் காப்பதற்கு அவ்விரண்டைவிட நல்ல அரண் இன்றுவரை காணப்படவில்லை.

சங்கம் செய்யத்தக்கது

விறகு வியாபாரத்துக்குக் கடன் கேட்டு மனு வந்தால், பஞ்சாயத்தார் நிலத்தின் பத்திரத்தையும் ஜாமீன்தாரின் கையெழுத்தையும் மட்டும் பார்த்துத் திருப்தியடைதல் போதாது. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பச்சையாக வாங்கும் 1,000 கிலோ உலர்ந்தபின் எவ்வளவு நிற்கிறது? வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட, தேய்மானம் உட்பட, என்ன ஆகிறது? சராசரியாக ஒரு நடைக்கு எவ்வளவு நிறை போகிறது? வாசலில் இறக்கும் விலையும் வாடி விலையும் வெவ்வேறா, ஒன்றா? இவற்றுக்கு விடை தெரியாதவருக்குக் கடன் மறுக்க வேண்டுமென்பதில்லை. ஒரு மாதம் கணக்கெழுதி விடை கண்டபின் வரச்சொன்னால் போதும். அது அவருக்கும் ஜாமீன்தாருக்கும் செய்யும் உபகாரம்.

கணக்கெழுதப் பெரிய பேரேடு தேவையில்லை. வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம். நடைக்கு ஒரு வரி. தேதி, இடம், போய்வந்த தூரம், ஏற்றிய நிறை, பெற்ற விறகு விலை, பெற்ற சத்தம், ரொக்கமா பாக்கியா என்னும் ஏழு கட்டங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதித் தரலாம். மாதக் கடைசியில் மூன்று தொகைகளைக் கூட்டிப் பார்த்தால், எந்தச் சாலை உணவளிக்கிறது, எந்தச் சாலை முதலைத் தின்கிறது என்பது வெளியாகும். வாடியில் அடுக்கியுள்ள சரக்கையும் மாதந்தோறும் மதிப்பிட்டு அதே புத்தகத்தில் குறிக்க வேண்டும். அடுக்கு தாழ்வதை முதலில் காட்டுவது அந்தக் குறிப்பே.

ஒரே ஊரில் விறகு விற்கும் அங்கத்தினர் மூவர் நால்வர் இருந்தால், மூன்று வண்டிகள் அரைப் பாரத்தோடு ஒரே சாலையில் ஓடுவதைக் காட்டிலும், ஒரு வண்டி முழுப் பாரத்தோடு ஓடுவது நலம். நிறைக்கும் தூரத்துக்கும் தக்கபடி சத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ள மேற்படி நோட்டுப் புத்தகமே ஆதாரம். ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் ஒன்றுசேர்ந்து விலை சொன்னால், ஒருவரையொருவர் தாழ்த்தி அடக்கத்துக்குக் கீழே விற்கும் போட்டியும் நிற்கும். தனித்தனியே செய்தால் நஷ்டமாவதைச் சேர்ந்து செய்து இலாபமாக்குவதற்கே சங்கம் ஏற்பட்டது.

தவணை தவறிய அங்கத்தினர்மீது நடவடிக்கை எடுப்பது சங்கத்துக்கு எளிது. அவர் ஏன் தவறினார் என்று கணக்கில் காண்பது சற்றுக் கடினம். ஆனால் பணத்தையும் மனிதனையும் ஒருங்கே காப்பது அதுதான். விறகு விற்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதத்திலேயே 100 கிலோ பச்சை விறகை நிறுத்துத் தனியே அடுக்கி, உலர்ந்தபின் மறுபடி நிறுத்துப் பார்ப்பாராக. நாளைக்குப் போகும் முதல் நடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குவாராக. அடுத்த மகாசபைக்கு அந்த இரண்டு கணக்குகளையும் கொண்டு வந்தால், விலைப்பலகையில் என்ன எழுதுவது என்பதை அங்கத்தினர்களே கூடித் தீர்மானித்துக்கொள்ளலாம்.